வெப்பநிலை வித்தியாசத்தோடு 273-ஐக் கூட்ட வேண்டாம்

அலுமினியப் பாத்திரத்தில் உள்ள 500 கிராம் நீரை 28 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும் கணக்கில், நீருக்கு மட்டும் 7,24,500 ஜூல் வருகிறது, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விடையைப் பார்த்தாலே எங்கே தடம் மாறியது என்று தெரிகிறது. 100 − 28 = 72 என்ற வித்தியாசத்தோடு 273-ஐக் கூட்டி 345 என்று போட்டிருக்கிறீர்கள். வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றத்தான் 273. வித்தியாசத்துக்கு அது வேண்டாம். 373-லிருந்து 301-ஐக் கழித்தாலும் அதே 72தானே!

சரி, இப்போது நிறை (கிலோகிராமில்) × தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், நீருக்கு 4200 ஜூல்) × வெப்பநிலை வித்தியாசம் என்று போட்டால், 0.5 × 4200 × 72 = 1,51,200 ஜூல். அப்புறம், பாத்திரமும் சேர்ந்துதான் சூடாகும். அது 200 கிராம் என்கிறீர்கள். அலுமினியத்தின் தன்வெப்ப ஏற்புத்திறன் சுமார் 900. 0.2 × 900 × 72 = 12,960 ஜூல். மொத்தம் 1,64,160. நீர் 100 டிகிரியைத் தொட்டதும் கணக்கு நின்றுவிடுவதால் உள்ளுறை வெப்பத்தை (கொதிக்கும் நீர் ஆவியாக மாறத் தேவையான வெப்பத்தை) சேர்க்கத் தேவையில்லை.

விடை வந்ததும் நடைமுறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இது நல்ல பழக்கம். 1500 வாட் மின்கெட்டிலில் அரை லிட்டர் நீர் ஏறக்குறைய 2 நிமிடத்தில் கொதித்துவிடும். உங்கள் விடைப்படி 8 நிமிடம் ஆகும்! வேறு கணக்கு இடித்தால் செய்த படிகளோடு போடுங்கள், பார்க்கலாம்.