அத்திப்பழத்துக்குள் குளவி இருக்கிறதா? சைவர்கள் சாப்பிடலாமா?

"அத்திப்பழம் ஒவ்வொன்றிலும் ஒரு குளவி செத்துக் கிடக்குமாமே, சைவம் சாப்பிடுகிறவர்கள் தொடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம் என்பது என் கட்சி. ஆனால் 'ஒவ்வொன்றிலும்' என்பது தப்பு. 'ஒன்றிலுமே இல்லை' என்று சத்தியம் செய்தால் அதுவும் பொய்.

எந்த அத்தி என்பதுதான் விஷயம். இங்கே சிங்கப்பூரில் பேரங்காடியில் சின்னப் பெட்டியில் விற்கிற பழம் பெரும்பாலும் பிரவுன் டர்க்கி, பிளாக் மிஷன் மாதிரி ரகங்கள். மகரந்தம் சேராமலே பழுத்துவிடும். மகரந்தம் சுமந்து வரும் குளவிக்கு அங்கே வேலையே கிடையாது.

தேக்கா சந்தையில் கிடைக்கும் துருக்கி உலர் அத்தி அப்படியில்லை. அது ஸ்மிர்னா வகை, முழுக்கப் பெண் மரம். மகரந்தம் சேராவிட்டால் காய் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். அதனால் அங்குள்ள விவசாயிகள் ஆண் மரத்துக் காய்களை (குளவி வளர்வது அவற்றில்தான்) பறித்துவந்து பெண் மரத்துக் கிளையில் தொங்கவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் இந்த வகையை நட்டவர்கள் பல வருஷம் பழமே இல்லாமல் தவித்து, 1899-இல் குளவியையும் குடியேற்றிய பிறகுதான் மகசூல் பார்த்தார்கள்.

அத்திக்குப் பூவெல்லாம் காய்க்குள்ளே. காம்புக்கு எதிர்ப்பக்கம் ஒரு துளி வாசல் இருக்கும். ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டரே இருக்கும் பெண் குளவி அதில் முண்டியடித்து நுழையும்போதே இறக்கை பிய்ந்துபோகும். நுழைந்தது ஆண் மரத்துக் காய் என்றால் முட்டையிட்டு வம்சம் வளர்க்கலாம். பெண் மரத்துக் காய் என்றால் பூவின் சூல்தண்டு (சூல்பைக்கு மேலே நீளும் தண்டு) நீளம். குளவியின் முட்டையிடும் குழல் சூல்பை வரை எட்டாது. சுமந்து வந்த மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு முட்டைகூட இடாமல் அங்கேயே சாக வேண்டியதுதான். (மரம் செய்கிற அப்பட்டமான மோசடி இது.) பழம் முற்றுவதற்குள் அந்த உடலும் பெரும்பாலும் மக்கிப்போகும். பல்லில் நறநறவென்று அரைபடுவது விதை, பூச்சி இல்லை.

'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்று நம்மூரில் சொல்வது நாட்டு அத்தியைப் பார்த்து. அதில் ஒரே காய்க்குள் விதையும் வளரும், குளவியும் வளரும். ஆகவே அந்தப் பழமொழியைத் துருக்கிப் பழத்தின் மேல் ஏற்ற வேண்டாம்.

நேரில் பார்க்க ஆசையென்றால் உபின் தீவுக்குப் போங்கள். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் காட்டத்தி அங்கே உண்டு. ஆண் மரத்தில் பதமான காய் ஒன்று கீழே கிடந்தால் பிளந்து பாருங்கள். இறக்கையே இல்லாத வெளிறிய பூச்சிகள் ஆண்கள். அவை முதலில் வெளிவந்து, பெண்கள் இன்னும் கூட்டுக்குள் இருக்கும்போதே சேர்ந்து, வெளியேற வழி துளைத்துவிட்டுச் செத்துப்போகும். அப்புறம் மகரந்தத்தோடு கிளம்பும் பெண்கள் உங்கள் விரலில் ஏறி நடக்கும். பயப்படாதீர்கள், கொட்டாது.

வெளியே வந்த பெண்ணுக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள்தான். சிங்கப்பூரில் நான்கு வகை அத்திக் குளவிகளைச் சோதித்து 2013-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இப்போதைய வெப்பத்துக்கு மேல் 3 டிகிரி ஏறினாலே அந்த ஆயுளும் வெகுவாகக் குறைந்துவிடுமாம். அவை போனால் விதை இல்லை. காட்டில் பழம் தின்னும் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் திண்டாட்டம்தான். சைவமா அசைவமா என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

சரி, உலர் அத்தி வாங்கினால் ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டே வாயில் போடுங்கள். உள்ளே நெளிகிற புழுவோ நூலாம்படையோ இருந்தால், அது கிடங்கில் புகுந்த அந்துப்பூச்சியின் வேலை. குளவியைத் திட்டாமல் பாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.