ஒன்பது விதைப் பொட்டலங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. வேலைக்குப் போகிறேன். இரண்டு பிள்ளைகள். மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார். ஓடி ஓடி அலுத்துப்போய், வீட்டுச் சமையல், தோட்டம், குடும்பத்தோடு பயணம், பழைய பொருள் கடைகளில் துழாவி வாங்குவது என்று சின்னச் சின்ன சந்தோஷங்களைத் தேடிக்கொள்ளலாம் என்று போன வருடம் முடிவெடுத்தேன். ஒன்பது வகை விதை வாங்கினேன். நானும் மாமியாரும் தினமும் தண்ணீர் ஊற்றியும், முளைத்த செடிகள் மஞ்சளாகிச் செத்துவிட்டன. சமையல் வீடியோக்கள் நிறைய சேமித்து வைத்திருக்கிறேன், சமைப்பது என்னவோ பழைய அவசரச் சமையல்தான். மணிவாரியாகத் திட்டம் போட்டுப் பயணம் போனோம். "இதுக்குப் பள்ளிக்கூடமே தேவலாம்" என்றான் மகன். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய சாமான்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. எல்லோருக்கும் கிடைக்கிற சந்தோஷம் எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

விதை வாங்கியிருக்கிறீர்கள், வீடியோ சேமித்திருக்கிறீர்கள், திட்டம் போட்டிருக்கிறீர்கள், சாமான் வாங்கிக் குவித்திருக்கிறீர்கள். நான்குமே ஆயத்த வேலைகள். ஆயத்தம் செய்வதிலும் ஒரு குதூகலம் உண்டுதான். ஆனால் பையை வீட்டில் இறக்கி வைத்ததும் அது தீர்ந்துவிடும். நீங்கள் தேடுவது அதற்கு அப்புறம் வருகிற வேலையில் இருக்கிறது. அதைச் செய்யத்தான் உங்களுக்கு நேரம் மிஞ்சவில்லை. உங்களிடம் எந்தக் குறையும் இல்லை, கையில் எடுத்துக்கொண்டதுதான் அதிகம்.

செடியிலிருந்து தொடங்குகிறேன். தண்ணீர் ஊற்றியும் செத்துவிட்டது என்கிறீர்கள். இரண்டு பேர் தினமும் ஊற்றியதால்தான் செத்திருக்க வேண்டும். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். மண்ணில் எப்போதும் ஈரம் தேங்கி நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை மஞ்சளாகித் துவளும். துவண்டதைப் பார்த்து, ஐயோ வாடுகிறதே என்று நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம். இப்படித்தான் பாசத்தால் பல தொட்டிச் செடிகள் போய்ச் சேருகின்றன. ஊற்றுவதற்கு முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். விரலில் ஈர மண் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா, அது அடைபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்பது வகையில் எட்டை எடுத்து வைத்துவிட்டு, சமையலுக்குப் பயன்படுகிற ஒன்றை மட்டும் வையுங்கள். புதினாவுக்கு விதையே தேவையில்லை. வாங்கிய கட்டில் ஒரு நல்ல தண்டை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் கிளம்பும். அதைக் கண்ணாடிக் குவளையில் வையுங்கள். வேர் விடுவதைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் காலையில் எழுந்து வருவார்கள். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கவாட்டில் கிளைத்துச் செடி புதராகும். வேறு செடிகளோடு ஒரே தொட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள், இடம் முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மாமியாரிடமே விட்டுவிடுங்கள். விட்டபின், "இன்னைக்கு ஊத்தினீங்களா அத்தை?" என்று கேட்காதீர்கள்.

சமையலுக்கு வருவோம். சேமித்த வீடியோக்களை அழிக்க வேண்டாம், ஒரு மாதம் திறக்காமல் இருங்கள். வாரத்தில் அவசரமில்லாத ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டு, ஏதாவது ஒரே ஒரு பதார்த்தத்தை அதே நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். புதிதாகச் செய்யும்போது கண் முழுவதும் குறிப்பில்தான் இருக்கும். மூன்றாவது, நான்காவது தடவைதான் வாணலியைப் பார்க்கவே ஆரம்பிப்போம். வெங்காயம் வதக்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் வற்றும் வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். பொன்னிறமும் அந்த இனிப்பு வாசனையும் வர அதற்கு மேல், சுமார் 140 டிகிரி வேண்டும். அவசரத்தில் தீயைக் கூட்டினால் உள்ளே வேகும் முன் ஓரம் கருகுவது இதனால்தான். மிதமான தீயில் விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் ஈரம் கொதிக்கிற 'சோ'வென்ற இரைச்சல் இருக்கும். அது மெல்ல அடங்கும். பிறகு எண்ணெயில் சின்னச் சின்னதாய்ச் சடசடக்கும். அந்தச் சத்தம் மாறுகிற இடத்தில்தான் நிறமும் மாறத் தொடங்கும். நன்றாகப் பழுப்பேற அரை மணிக்கு மேலும் ஆகலாம், ஆகட்டும். வாணலி கொள்ளாமல் போட்டால் வெங்காயம் வதங்காது, அதன் ஆவியிலேயே அவியும். இதெல்லாம் கைக்குப் பழகியபின் வாரநாள் சமையலும் தானாகவே ருசிக்கும். எனக்குச் சமையலில் மிகவும் பிடித்த கட்டமே இந்தப் பழகுகிற காலம்தான்.

பழைய பொருள் கடைக்குப் போவதை விட்டுவிடாதீர்கள். அது நல்ல பழக்கம். ஆனால் மலிவு என்பது வாங்குவதற்கான காரணம் இல்லை. ஒரு பொருளைக் கையில் எடுத்ததும், வீட்டில் இது எந்த இடத்தில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இடம் மனதில் வராவிட்டால் வைத்துவிடுங்கள். வாங்காமல் திரும்பினாலும் அலசிப் பார்த்த மகிழ்ச்சி குறையாது.

பார்க்கத் தெரிந்துகொண்டால் அந்த அலசல் இன்னும் சுவைக்கும். மேசையோ அலமாரியோ என்றால் இழுப்பறையை முழுவதும் வெளியே உருவிப் பின்பக்கத்தையும் அடியையும் பாருங்கள். மூலைகளில் பல்லோடு பல் கோத்த மாதிரி மரம் இணைந்திருந்தால் பொறுமையாகச் செய்த வேலை. மேற்பரப்பில் ஓடுகிற மர ரேகை விளிம்பில் இறங்கித் தொடர்ந்தால் முழு மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். விளிம்பில் தூளை அழுத்திய மாதிரித் தெரிந்தால் மேலே ஒட்டியது வெறும் தோல். குண்டூசித் தலை அளவு துளைகளும் கீழே புதிதாய் உதிர்ந்த மாவும் இருந்தால் உள்ளே பூச்சி வேலை செய்கிறது, தொடாதீர்கள். இரும்புச் சட்டியில் மேலாகப் படிந்த துருவுக்குப் பயப்பட வேண்டாம். தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவித் துடைத்து, புகையும் வரை சூடாக்குங்கள். சில தடவை இப்படிச் செய்தால் கறுப்புப் பூச்சு திரும்பவும் ஏறிவிடும். வெடிப்புதான் தீராத நோய். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், நல்ல சட்டி கணீரென்று ஒலிக்கும், வெடித்தது மொத்தென்று சத்தம் போடும். துணிகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இழை தேய்ந்த இடம் தெரிந்துவிடும். மூட்டைப்பூச்சி பயம் இருந்தால், 60 டிகிரி வெந்நீரைத் தாங்குகிற துணியாகப் பார்த்து வாங்கி, அந்தச் சூட்டில் துவைத்துவிட்டு உள்ளே எடுங்கள்.

எவ்வளவு மலிவானாலும் ஹெல்மெட், குழந்தைகளுக்கான கார் இருக்கை இரண்டையும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். ஒரு தடவை விபத்தில் அடிபட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் அடுத்த அடியை அது தாங்காமல் போகலாம். வண்ணப் பூச்சுள்ள பழைய பீங்கானில் ஈயம் இருக்கக்கூடும், அதில் சாப்பாடு வேண்டாம்.

கட்டிலுக்கு அடியில் இருப்பதை வரும் விடுமுறை நாளில் வெளியே எடுங்கள். அன்றே பயன்பாட்டுக்கு வருவது வீட்டில் இருக்கட்டும், மற்றதைத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாகப் பயணம். மகன் சொன்னது சரிதான். மணி அடித்தால் அடுத்த இடம் என்றால் அது பள்ளிக்கூடம்தானே? அடுத்த தடவை ஒரு நாளுக்கு ஒரே ஒரு இடம் போதும். மதியத்துக்கு மேல் எந்தத் திட்டமும் வேண்டாம். நடையின் வேகத்தை மாமியார் தீர்மானிக்கட்டும், அவர் உட்காருகிற இடத்தில் எல்லோரும் உட்காருங்கள். வண்டியில் பிள்ளைகளுக்குக் குமட்டினால் புத்தகத்தையும் போனையும் வாங்கி வைத்துவிட்டுத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பின் அசைவைக் காது உணர, கண் மட்டும் அசையாத எழுத்தைப் பார்ப்பதால் வருகிற தொல்லைதான் அது. எங்கே போவது என்பதை இந்தத் தடவை மகனிடம் கேளுங்கள். அவன் சொல்கிற இடம் உங்களுக்குச் சப்பென்று இருந்தாலும் அங்கேயே போய்வாருங்கள்.