கல்லாப்பெட்டி மேல் விளையாட்டுச் சாமான்

கேள்வி: சோமனூர் பக்கம் பன்னெண்டு தறி வெச்சு கூலிக்கு ஓட்டறோமுங்க. பாவு வந்துச்சா, பீஸ் எப்ப வரும்னு கேக்கறது, பணம் வாங்கறது, போடறது எல்லாமே என்ற போன்லதான். எட்டாவது படிக்கிற பையன் சாயங்காலமானா அதே போனை வாங்கி துப்பாக்கி சுடற கேம் ஆடுவான். போன வாரம் பாஸ்புக் பதிஞ்சு பார்த்தா, பதினோரு நாள்ல 19 தடவையா 8,171 ரூபாய் போயிருக்குதுங்க. கேட்டா, "காசு போட்டாத்தாம்மா நல்ல துப்பாக்கி, சட்டையெல்லாம் தருவாங்க"ங்கறான். பின் நம்பர் அவனுக்குத் தெரியும். மளிகைக் கடைக்குத் தாட்டி விடறப்ப நான்தான் சொல்லிக் குடுத்தேன். வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லலை. அந்தப் பணம் திரும்ப வருமா? போலீஸ்ல சொல்லணுமா? இன்னொரு வெசனமும் இருக்குது. நூல் விலையைப் பத்தி வீட்ல பேசினா கொஞ்ச நேரத்துல போன்ல நூல் விளம்பரம் வருது. இந்தக் கேம் நாங்க பேசறதை ஒட்டுக் கேக்குதா? பேசாம கேமை அழிச்சுட்டுப் போனைப் பூட்டி வெச்சரலாமான்னு இருக்குதுங்க.

பதில்: அக்கா, உங்கள் வீட்டில் கல்லாப்பெட்டி ஆசாரத்தில் திறந்து கிடக்கிறது. அதன் மேலேயே விளையாட்டுச் சாமானும் கிடக்கிறது. இரண்டையும் வேறு வேறு இடத்தில் எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். போனைப் பூட்டி வைத்தால் தறிதான் நிற்கும். அந்த வேலைக்குப் பிறகு வருகிறேன், முதலில் பணம்.

பணம் எந்த வழியாகப் போனது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால் ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்று வரும். அதற்குள் ‘பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி’யில் வாங்கியதெல்லாம் தேதியோடு இருக்கும். பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக டிக் அடியுங்கள். 19 வரியும் பொருந்தினால் இது திருட்டு அல்ல, வாங்கல். உங்கள் போனில், உங்கள் பின்னைப் போட்டு, உங்கள் வீட்டுப் பையன் வாங்கியிருக்கிறான். போலீஸுக்குப் போய்ப் பயனில்லை.

கூகுள் பிளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் விஷயத்தில் அது தாண்டிவிட்டது. ஆனாலும் கூகுள் பிளேயின் இணையதளத்தில் பணம் திரும்பக் கேட்கும் படிவத்தை நிரப்புங்கள். ‘என் சம்மதம் இல்லாமல் குடும்பத்தினர் வாங்கிவிட்டனர்’ என்ற பொருளில் ஒரு காரணம் அங்கேயே இருக்கும். அதையே தேர்ந்தெடுங்கள், அதுதான் உண்மையும். அதோடு நிற்காமல் கேமுக்குள்ளேயே இருக்கும் உதவிப் பகுதியில் கம்பெனிக்கும் எழுதுங்கள். மின்னஞ்சலில் வந்த ரசீதில் ‘ஜிபிஏ’ என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும், 19 எண்களையும் கொடுங்கள். பையனுக்கு 13 வயது என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். கொஞ்சம் வரலாம். முழுத் தொகையும் வரும் என்று நம்பி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் பலர் இரண்டாவது தடவை பணத்தை விடுகிறார்கள். ‘ரீஃபண்ட் கஸ்டமர் கேர் நம்பர்’ என்று இணையத்தில் தேடி, கிடைத்த எண்ணுக்கு அழைப்பார்கள். எதிர்முனையில் இருப்பவன் இனிக்க இனிக்கப் பேசி, ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, பின்னைப் போடச் சொல்வான். யூபிஐயில் பின் போடுவது நம் பணம் வெளியே போவதற்கும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும்தான். உள்ளே வரும் பணத்துக்கு யாரும் பின் கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பட்டியலில் இல்லாத வரி பாஸ்புக்கில் இருந்தால் கதையே வேறு. ‘பாதி விலைக்கு கேம் காயின் ஏற்றித் தருகிறேன்’ என்று யாரோ ஒருவன் பையனிடம் பேசி நேரடியாகப் பணம் வாங்கியிருக்கலாம். அது மோசடி. உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் உண்டு, அதனால் நாள் கணக்கில் யோசிக்க நேரமில்லை.

இன்னொன்றையும் அவனிடம் அதட்டாமல் கேளுங்கள்: "எல்லாத் துப்பாக்கியும் இலவசம்னு யாராச்சும் அனுப்புன ஃபைலை இறக்குனியா கண்ணு?" பிளே ஸ்டோருக்கு வெளியே வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக வரும் ஏபிகே ஃபைல்களை, அதாவது தொட்டால் ஆப்பாக ஏறிக்கொள்ளும் ஃபைல்களைத்தான் சொல்கிறேன். எனக்கு 8,171 ரூபாயைவிட இதுதான் கவலை. அப்படி வரும் ஆப் குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும், கேம் ஆடும் அவசரத்தில் பையன் ‘அலவ்’ கொடுத்திருப்பான். பிறகு வங்கியிலிருந்து வரும் ஓடிபி உங்களுக்கு முன்னால் இன்னொருவன் கைக்குப் போகும். பிளே ஸ்டோரில் ‘பிளே புரொடெக்ட்’ ஸ்கேன் ஓட்டிப் பாருங்கள். செட்டிங்ஸில் எந்தெந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி, ‘ஆக்சஸிபிலிட்டி’ அனுமதி (திரையில் இருப்பதைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தொடவும் விடுவது) இருக்கிறது என்றும் பாருங்கள். பெயர் தெரியாத ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தால் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு யூபிஐயை நிறுத்தச் சொல்லுங்கள். போனை ரீசெட் செய்வதெல்லாம் அதற்கப்புறம்.

இனி பெட்டியையும் சாமானையும் பிரிக்கும் வேலை.

பீரோவில் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று கிடக்காமலா இருக்கும்? அதை ரீசெட் செய்து, சிம் போடாமல், வைஃபையில் பையனுக்குக் கொடுத்துவிடுங்கள். அவன் பெயரில், உண்மையான பிறந்த வருஷத்தோடு ஒரு கூகுள் கணக்கு. அதை ‘பேமிலி லிங்க்’ என்ற கூகுள் ஆப்பில் உங்கள் கணக்கோடு இணைத்தால், எத்தனை நேரம் ஆடலாம் என்பதை நீங்கள் வைக்கலாம், பிளே ஸ்டோரில் காசு கேட்டால் உங்கள் அனுமதிக்கு வரும்படியும் செய்யலாம். பழைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராதே என்று உங்கள் ஊர் செல்போன் கடைக்காரர் சொல்லக்கூடும். சரிதான், ஆனால் திருட அதில் ஒன்றும் இருக்காதே. பழைய போன் இல்லையென்றால், செட்டிங்ஸில் ‘மல்டிபிள் யூசர்ஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கம்பெனி போனிலும் இருக்காது. இருந்தால் ஒரே போனில் அவனுக்குத் தனி அறை கட்டிக் கொடுத்த மாதிரி.

உங்கள் போனில் பிளே ஸ்டோர் செட்டிங்ஸுக்குள் போய், ஒவ்வொரு வாங்கலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள். வைத்துவிட்டு, போனில் பதிந்திருக்கும் கைரேகைகளைப் பாருங்கள். பூட்டைத் திறக்க வசதியாக இருக்கும் என்று பையனுடைய விரலும் பதிவாகியிருக்கும், பத்து வீட்டில் எட்டு வீட்டில் நான் பார்ப்பது இதுதான். அதை எடுக்காவிட்டால் சரிபார்ப்பு இருந்தும் இல்லாத கணக்கு. யூபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதியையும் திறந்து பாருங்கள். மாதாமாதம் எடுக்கும் சந்தாவுக்கு ஒரு தடவை சம்மதம் கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரைக்கும் பின் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். கேமை அழித்தாலும் சந்தா அழியாது. அதை பிளே ஸ்டோரில் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த வழி ஒன்று, நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலுவாடு (சிறுசேமிப்பு) சேர்ப்பது போல, தறிக் கூலி வரும் கணக்கை யூபிஐயில் இணைக்காமல் விட்டுவிட்டு, சில்லறைச் செலவுக்கு என்று தனிக் கணக்கு ஒன்றை மட்டும் இணையுங்கள். அதில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பையன் ஆனாலும் மோசடிக்காரன் ஆனாலும் அதற்கு மேல் அவன் கை நீளாது.

பையன்மேல் மட்டும் கோபப்படாதீர்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 89 ரூபாயில் ஆறு, 449ல் ஒன்பது, 899ல் நான்கு என்றுதான் அந்த 19 வரியும் இருக்கும் என்று நினைக்கிறேன், கணக்கு சரியாக வருகிறது. ரூபாயாகக் கேட்டால் பிள்ளைகள் யோசிப்பார்கள் என்றுதான் காயினாக மாற்றச் சொல்கிறார்கள். மாரியம்மன் நோம்பியில் ராட்டினத்துக்கு டோக்கன் வாங்குவோமே, அதே கணக்கு. வாங்கின காயின் ஒருபோதும் சட்டையின் விலைக்குச் சரியாக வராது. கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சியதை வீணாக்க மனசு வராமல் மறுபடி வாங்க வேண்டும். நோம்பியாவது மூன்று நாளில் முடியும், இங்கே ஒரு ‘சீசன்’ முடிவதற்குள் அடுத்த ‘சீசன்’. காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாததால், சூதாட்டக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்று பெல்ஜியம் 2018லேயே சொல்லிவிட்டது. ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்திடம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி, பட்டன்களைத் தந்திரமாக வைத்துப் பிள்ளைகள் உட்படப் பலரையும் வேண்டாததை வாங்க வைத்த குற்றச்சாட்டுக்காக. மீதி 27.5 கோடி, பெற்றோர் சம்மதமில்லாமல் சிறுவர் தகவலைச் சேகரித்ததற்காக. நானே சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலையில் பதினெட்டு வருஷம் இருந்தவன். ஒரு பட்டன் எங்கே இருந்தால் விரல் தானாகப் போகும் என்று அரைநாள் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு எதிரே உங்கள் எட்டாம் வகுப்புப் பையன் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

‘இந்த மாதிரி கேமையெல்லாம் தடை பண்ணியாச்சே’ என்று ஒரம்பரையில் யாராவது சொல்வார்கள். 2025ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் தடுப்பது காசு கட்டிக் காசு ஜெயிக்கும் ஆட்டங்களை. காசு கொடுத்துச் சட்டை வாங்குவது அதில் வராது.

நூல் விளம்பரத்துக்கு வருவோம். இந்தச் சந்தேகம் கோவை, திருப்பூர், ஈரோடு என்று எங்கே போனாலும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2018ல் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய ஆப் ஒன்றும் சிக்கவில்லை. திரையில் நடப்பதைப் படம்பிடித்து வெளியே அனுப்பிய சில ஆப்கள் சிக்கின. ஆண்ட்ராய்டு 12 முதல் மைக் ஓடினால் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும், பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு எப்படித் தெரிந்தது? ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லை, அக்கா. நூல் விலையை நீங்களோ வீட்டுக்காரரோ கூகுளில் தேடியிருப்பீர்கள். உங்கள் எண்ணைச் சேமித்திருக்கும் நூல் வியாபாரி, தன் வாடிக்கையாளர் எண்களையெல்லாம் ஃபேஸ்புக் போன்ற கம்பெனிக்கு ஏற்றி, ‘இவர்களுக்கு என் விளம்பரத்தைக் காட்டு’ என்று காசு கட்டியிருப்பார். அது சட்டப்படி விற்கப்படும் சேவை. நீங்கள் இருக்கும் இடமோ, சுற்றிலும் தறிதான். வாட்ஸ்அப்பில் என்ன எழுதினீர்கள் என்பது பூட்டித்தான் போகிறது. யாரோடு, எப்போது, எத்தனை தடவை என்பது கம்பெனிக்குத் தெரியும்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. இந்தக் கம்பெனிகள் எல்லாத் துண்டுக்குள்ளும் கை வைத்திருக்கிற தரகர்கள். வாயைத் திறந்து பேசுவதைக் கேட்க அவர்களுக்கு என்ன அவசியம்? தரகனின் கையை முழுசாக எடுக்க முடியாது, கொஞ்சம் தள்ளி வைக்கலாம்: செட்டிங்ஸில் ‘பிரைவசி’, அதில் ‘ஆட்ஸ்’, அதற்குள் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடுங்கள். கேமுக்குத் தொடர்பு எண்கள், இருப்பிடம் இரண்டும் எதற்கு? எடுத்துவிடுங்கள்.

மைக் அனுமதியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். விளம்பரத்துக்காக அல்ல. இந்தக் கேமில் கூட ஆடுகிறவர்களோடு பேசலாம். பையன் மைக்கைத் திறந்து வைத்து ஆடினால், எந்த ஊர் என்றே தெரியாத மூன்று பேருக்கு உங்கள் தறிச்சத்தமும், பக்கத்தில் நீங்கள் பேசும் கூலிக் கணக்கும் கேட்கும். இது கற்பனை அல்ல, அந்த வசதியே அதற்குத்தான். பள்ளித் தோழர்களோடு மட்டும் பேச வையுங்கள், முடியாவிட்டால் மைக்கை மூடுங்கள். 2023ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தகவலை எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டவும் கூடாது என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். அதுவும் பையன் வயதைச் சரியாகப் போட்டிருந்தால்தான். கேமில் அவன் வயது என்னவென்று பாருங்கள், இருபத்தஞ்சாவது இருக்கும்.

வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பின்னைச் சொல்லிக்கொடுத்தது நீங்கள், கூலிக் கணக்கைச் சரிபார்க்காதது இரண்டு பேரும், அதனால் பேச்சு ரொம்ப நீளாது. பையனை உட்காரவைத்து 19 வரியையும் தறிக் கணக்கு நோட்டில் அவன் கையாலேயே எழுதிக் கூட்டச் சொல்லுங்கள், காயினில் அல்ல, ரூபாயில்.

பின்னை இன்றைக்கே மாற்றுங்கள். வண்டி நம்பரும் அவன் பிறந்த தேதியும் வேண்டாம், முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பான். இனிமேல் மளிகைக் கடைக்குத் தாட்டி விடும்போது கையில் ரூபாய் நோட்டாகவே கொடுத்து விடுங்கள்.