நொதி வேகம்: சந்தேகம் கேளுங்கள், சொல்கிறேன்

ஆத்தூர் மாணவி: அக்கா, எச்சில் அமைலேஸ் (ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி) சோதனையில் ஸ்டார்ச்சை இரண்டு மடங்காக்கினேன், வேகம் துளியும் கூடவில்லை. எங்கே பிசகு?

பிசகே இல்லைம்மா, வந்திருப்பது சரியான விடை. நம் பக்கத்து சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்கு தோல் சீவுகிறவர்களை நினைத்துக்கொள். கிழங்கு கொஞ்சமாக வரும்வரை, அதிகம் வந்தால் அதிக வேலை நடக்கும். எல்லார் கையிலும் கிழங்கு இருக்கும்போது இன்னொரு லாரி வந்து கொட்டினாலும் சீவும் வேகம் ஏறாது. அப்படி நொதி மூலக்கூறு அத்தனையும் தளப்பொருளை, அதாவது நொதி மாற்றுகிற பொருளை (உனக்கு ஸ்டார்ச்), பிடித்திருக்கும்போது கிடைக்கும் வேகம்தான் வி-மேக்ஸ், அதில் பாதி வேகம் எந்தச் செறிவில் வருகிறதோ அது கே.எம். நொதியை இரட்டித்தால் வி-மேக்ஸ் இரட்டிக்கும், கே.எம். அசையாது. இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்.

இன்னொன்று, முதல் சில நிமிட வேகத்தைத்தான் அளக்க வேண்டும். போகப் போகத் தளப்பொருள் குறையும், சில நொதிகளை விளைபொருளே தடுக்கும். 1913-ல் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து பெர்லினுக்கு வந்த மாட் மென்டன் என்ற பெண் மருத்துவரும் சர்க்கரையை உடைக்கும் இன்வர்டேஸ் நொதியை வைத்துச் செய்த வேலை இன்றைக்கும் நிற்கிறது என்றால், அமிலத்தன்மையைக் கட்டுக்குள் வைத்துத் தொடக்க வேகத்தை அளந்ததுதான் காரணம்.

அதே மாணவி: கே.எம். குறைவு என்றால் பிடி இறுக்கம், அப்படித்தானே?

பெரும்பாலும் அப்படித்தான், எப்போதும் அல்ல. பிடித்த தளப்பொருளை நொதி எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறது என்பதும் கே.எம்.முக்குள் கலந்திருக்கிறது, 1925-ல் பிரிக்ஸும் ஹால்டேனும் காட்டியது அதைத்தான். பிடியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த எண் உடம்பில் இருக்கும் செறிவுக்குப் பக்கத்திலா தூரத்திலா என்பது. ரத்தத்தில் குளுக்கோஸ் சுமார் 5 மில்லிமோலார் (செறிவின் அலகு). குளுக்கோஸைப் பிடித்து மாற்றும் நொதிகள் இரண்டைப் பார்: மூளையின் ஹெக்சோகைனேஸுக்கு கே.எம். 0.1-க்கும் கீழே, அதனால் நீ பட்டினி கிடந்தாலும் அது கிட்டத்தட்ட முழு வேகத்தில்தான் ஓடும். கல்லீரலின் குளுக்கோகைனேஸுக்குப் பாதி வேகமே 8-க்குப் பக்கத்தில்தான் வரும், அதனால் சாப்பிட்டபின் சர்க்கரை ஏற ஏற அதன் வேகமும் ஏறும். எவ்வளவு அழகான ஏற்பாடு பார்!

ஏற்காடு தோட்டக்காரர்: மேடம், குளிர் அதிகமானால் காபிக் கொட்டையின் வழவழப்பு போக ரொம்ப நேரம் பிடிக்கிறது. பத்து டிகிரி குறைந்தால் நேரம் இரட்டிப்பு என்று கணக்குப் போடலாமா என்று என் பையன் கேட்கிறான்.

தோராயமாகப் பல நொதிகளுக்கு அந்தக் கணக்கு வரும், உங்கள் தொட்டிக்கு அப்படியே வராது சார். வழவழப்பைக் கரைப்பது பெக்டினேஸ் வகை நொதிகள், அதில் ஒரு பங்கைத் தொட்டியில் பெருகும் நுண்ணுயிர்கள் சுரக்கின்றன. குளிரில் அவையும் மெதுவாகத்தான் பெருகும், அதாவது நொதியின் வேகமும் குறைகிறது, அளவும் குறைகிறது. அதனால் கடிகாரத்தை நம்பாமல், கொட்டையைக் கழுவித் தேய்த்துச் சொரசொரப்பு வந்ததா என்று பாருங்கள். கடையில் வாங்கும் பெக்டினேஸ் என்றால் அளவு உங்கள் கையில் இருக்கிறது, கணக்கும் ஓரளவு பிடிபடும்.

செவிலியர் பயிற்சி மாணவர், சேலம்: 2024-ல் கள்ளக்குறிச்சி விஷச்சாராயத்தில் பாதித்தவர்களை இங்கேயும் கொண்டுவந்தார்கள். மெத்தனாலுக்கு எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பது உண்டு என்கிறார்களே, எப்படி?

போட்டித் தடை, தம்பி: நொதியில் ஒரே இடத்துக்கு இரண்டு பொருள் போட்டி போடுவது. மெத்தனாலைவிட அது மாறி வரும் ஃபார்மிக் அமிலம்தான் கண்ணையும் உயிரையும் பறிக்கிறது. அந்த மாற்றத்தைத் தொடங்கும் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸுக்கு எத்தனால் மேல் நாட்டம் பல மடங்கு அதிகம், அது இடத்தைப் பிடித்துக்கொண்டால் மெத்தனால் மாறாமல் காத்திருந்து மெல்ல வெளியேறும். கணக்கில் சொன்னால் மெத்தனாலுக்கான கே.எம். ஏறும், வி-மேக்ஸ் மாறாது. ஃபோமெபிசோல் மருந்தும் அதே நொதியைத்தான் தடுக்கிறது. இதெல்லாம் மருத்துவமனையில் ரத்த அளவு பார்த்துச் செய்வது. யாரும் வீட்டில் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள், நேரத்தை இழக்காமல் கொண்டுபோங்கள்.

ஓமலூர் முதுகலை மாணவர்: லைன்வீவர்-பர்க் கோட்டில் (வேகம், செறிவு இரண்டையும் தலைகீழாக்கி வரையும் நேர்கோடு) ஒரு புள்ளி மட்டும் எங்கேயோ போகிறது. விட்டுவிடலாமா?

விடாதே. அது குறைந்த செறிவுப் புள்ளியாகத்தான் இருக்கும்: தலைகீழ் எடுக்கும்போது சின்ன வேகத்தில் உள்ள சின்னப் பிழையும் பெரிதாக ஊதிவிடும். லைன்வீவரும் பர்க்கும் இதைச் சொன்ன 1934-ல் கணினி இல்லை, நேர்கோடு தேவைப்பட்டது. உனக்கு எக்செல் சால்வர் இருக்கிறது, வளைகோட்டையே நேரடியாகப் பொருத்து. அதே செறிவில் இன்னும் இரண்டு தடவை அளந்துவிட்டு எண்களை அனுப்பு, பார்க்கிறேன்.