ஆப்பை அழித்தாலும் காசு போகிறதே!

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்:

"என் வீட்டுக்காரர் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். மகள் ஏழாவது படிக்கிறாள். அவளுக்குப் பாட்டு என்றால் உயிர் என்பதால் மாதம் 99 ரூபாய் கட்டி அவர் போனில் ஒரு பாட்டு ஆப் போட்டோம். ஒரு நாள் சாயங்காலம் அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது காது கூசும் வரி ஒன்று வந்தது. தாளித்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்து அதே ஆப்பில் எங்கள் சாதியைச் சொல்லிக் கேவலப்படுத்தும் ஒரு பாட்டு. வெறுத்துப்போய் ஆப்பையே அழித்துவிட்டோம். ஆனால் மூன்று மாதமாக 99 ரூபாய் போய்க்கொண்டே இருக்கிறது. என் மாமியார் கேட்கும் பழைய பாட்டு சிலதும் நாங்கள் காசு கட்டிக்கொண்டிருந்தபோதே மங்கிப்போய் ஓடாமல் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் எழுதிக் கம்பெனிக்கு ஒரு பெரிய மெயில் போட்டோம். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?"

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. கோளாறு அந்தப் பெரிய மெயிலில்தான் இருக்கிறது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் மூன்றையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தால், அது ஏதாவது ஒரு துறைக்குப் போகும், மற்ற இரண்டும் அங்கேயே படுத்துவிடும். நீங்கள் எழுதியது நான்கு விஷயம். காசு ஒரு கவுன்ட்டர், மகள் காதில் விழுந்தது இன்னொன்று, சாதிப் பாட்டு மூன்றாவது. மாமியார் பாட்டுக்குக் கவுன்ட்டரே கிடையாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் காசு. போனிலிருந்து ஆப்பை அழிப்பது, பால்காரர் வரும்போது கதவைச் சாத்திக்கொள்வது மாதிரி. அவர் பாக்கெட்டை வாசலில் போட்டுவிட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டுதான் போவார். நிறுத்தச் சொல்லவேண்டிய இடம் வேறு. எந்த வழியாகச் சந்தா கட்டினீர்களோ அந்த வழியில்தான் நிறுத்தவேண்டும். கூகுள் பிளே வழியாகக் கட்டியிருந்தால், பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' உள்ளே போய் ரத்து செய்யுங்கள். அங்கே அந்த ஆப்பின் பெயர் இல்லையென்றால், பணம் அனுப்பும் யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' என்று ஒரு பகுதி இருக்கும், அதைப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் திருடன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். முதல் மாதம் ஒரு ரூபாய்க்குத் தருகிறோம் என்று சொன்னபோது பின் நம்பர் போட்டீர்களே, அது ஒரு ரூபாய்க்கான அனுமதி மட்டும் இல்லை. இனி மாதாமாதம் எடுத்துக்கொள் என்று எழுதிக் கொடுத்த சீட்டு. இரண்டிலும் இல்லையென்றால் ரீசார்ஜ் பிளானோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், சிம் கம்பெனி ஆப்பில் தேடுங்கள்.

அடுத்து, போனில் உள்ள எஸ்எம்எஸ்களை மேலே தள்ளித் தள்ளிப் பாருங்கள். இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி வைத்த விதி உண்டு. எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வரவேண்டும். பொதுவாக 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுக்கலாம், ஆனால் சொல்லாமல் எடுக்கக்கூடாது. நகைக்கடை விளம்பரத்துக்கும் லோன் விளம்பரத்துக்கும் நடுவில் அந்த ஆங்கில மெசேஜ் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் வங்கி மேல் தப்பில்லை. மூன்று மாதமும் வரவே இல்லை என்றால் உங்கள் முதல் புகார் வங்கிக்குத்தான். 30 நாளில் அவர்கள் தீர்க்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

போன 297 ரூபாய் திரும்ப வருமா? நேராகச் சொல்கிறேன், முழுசாக வருவது கஷ்டம். பிளே ஸ்டோர் வழி என்றால், பணம் போன 48 மணி நேரத்துக்குள் அங்கேயே கேட்டால் வாய்ப்பு அதிகம். அதைத் தாண்டிவிட்டால் ஆப் கம்பெனியின் தயவு. ஆனாலும் கேளுங்கள், சரியான முறையில் கேளுங்கள். இணையத்தில் பொருளோ சேவையோ விற்கும் எந்தக் கம்பெனியும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரின் பெயரையும் தொடர்பையும் வெளியிடவேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகாருக்கு ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்று 2020 மின் வணிக விதிகள் சொல்கின்றன. ஆப்பின் அடியில் பொடி எழுத்தில் 'கிரீவன்ஸ்' என்று இருக்கும், அந்த முகவரிக்கு எழுதுங்கள். நான்கே வரி போதும்: எந்த நம்பரில் சந்தா, எந்தெந்தத் தேதியில் எவ்வளவு போனது, எந்தத் தேதியில் ரத்து செய்தீர்கள், என்ன வேண்டும். பாட்டு மோசம், காலம் கெட்டுவிட்டது என்பதையெல்லாம் இதில் எழுதாதீர்கள். ரத்து செய்யும் பொத்தானே கண்ணில் படவில்லை என்றால் அதை மட்டும் சேர்த்து எழுதலாம். சேர்வது சுலபம், வெளியேறுவது சிக்கல் என்று அமைத்து வைப்பதைச் 'சந்தாப் பொறி' என்று பெயர் சொல்லியே 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது.

ஒப்புகை வரவில்லையா, 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி மும்பையில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தருமபுரியிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, இப்போது இ-ஜாக்ரிதி தளத்தில் உட்கார்ந்த இடத்திலேயே பதியலாம். 297 ரூபாய்க்கு நான் அதுவரை போகச் சொல்லமாட்டேன். யாரும் போகமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அவர்கள் பிழைப்பும் ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

இப்போது மகள். தருமபுரியில் கேசட் கடை வைத்திருந்தவன் நான். வெள்ளைத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொண்டுவருவார்கள், 60 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவேன். ஒன்பதாவது படிக்கிற பையன் லிஸ்ட்டில் ஒரு மாதிரியான பாட்டு இருந்தால், 'அந்த மாஸ்டர் அறுந்துபோச்சுப்பா' என்று சொல்லிவிடுவேன். அவன் அப்பா எந்த வங்கியில் வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். பாரதக் கூத்தில் கட்டியங்காரனும் அப்படித்தான். முன்னிரவில் ஒரு பேச்சு, குழந்தைகள் பாயில் சுருண்ட பிறகு வேறு பேச்சு. கூட்டத்தைப் பார்த்து அளந்து பேசுவான். இன்றைய பாட்டுக் கடையில் அப்படி எதிரே உட்கார்ந்து முகம் பார்க்கிற ஆள் கிடையாது.

அதற்குப் பதிலாக இருப்பது ஒரு சின்னக் கட்டம். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கில 'ஈ' எழுத்து ஒரு பெட்டிக்குள் இருக்கும், 'எக்ஸ்ப்ளிசிட்', அதாவது பச்சையான வார்த்தை உண்டு என்று அர்த்தம். இதன் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அரசியல்வாதிகளின் மனைவிமார் சிலர் சேர்ந்து, பிள்ளைகள் வாங்கும் இசைத்தட்டுகளில் என்ன இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியவேண்டும் எனக் குரல் எழுப்பினார்கள். 1985 செப்டம்பரில் அங்கே செனட் வரை விசாரணை போனது. இசைக் கம்பெனிகள் தாங்களாகவே எச்சரிக்கை ஒட்ட ஒப்புக்கொண்டன. தாங்களாகவே என்பதைக் கவனியுங்கள். இன்றும் அந்த முத்திரையை அரசாங்கம் குத்துவதில்லை. பாட்டை ஏற்றுகிற கம்பெனிதான் படிவத்தில் டிக் அடிக்கிறது.

"சென்சார் செய்த படத்துப் பாட்டுதானே" என்று பலர் கேட்கிறார்கள். தணிக்கை வாரியம் சான்று தருவது படத்துக்கு. வெறும் ஆடியோவாக வரும் பாட்டு அவர்களிடம் போவதே இல்லை. தியேட்டரில் ஒரு வார்த்தை ஊமையாக்கப்பட்டு, ஆப்பில் அதே வார்த்தை கணீரென்று கேட்பது இதனால்தான்.

ஆகவே அமைப்புகளில் அந்த 'ஈ' பாட்டுகளைத் தடுக்கும் வசதியைப் போடுங்கள். ஸ்பாட்டிஃபையில் 'எக்ஸ்ப்ளிசிட் கன்டென்ட்' என்று தேடினால் வரும். குடும்பத் திட்டம் என்றால் திட்டத்தை எடுத்தவரே பிள்ளையின் கணக்கில் பூட்டிவிடலாம். ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' உள்ளே இசைக்கென்று தனிக் கட்டுப்பாடு உண்டு. யூடியூப் மியூசிக்கில் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்'. போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஆங்கில ராப்பை இது நன்றாகப் பிடிக்கும். நம் ஊர் இரட்டை அர்த்தத்தை எந்தப் பெட்டியும் பிடிக்காது. வாழைப்பழமும் மாம்பழமும் பழமாகவே இருக்கிற வரைக்கும் டிக் அடிக்க யாருக்கும் அவசியமில்லை.

ஆனால் உங்கள் வீட்டில் நடந்ததற்கு வேறு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். போன் அவருடையது, கணக்கும் அவருடையது. ராத்திரி ராயக்கோட்டை வரை லோடு வண்டியில் போகும்போது டிரைவர் தூங்காமல் இருக்க என்ன ஓடியதோ, அதையும் அந்த ஆப் எழுதிவைத்துக்கொள்ளும். இவருக்கு இது பிடிக்கும் என்று கணக்குப் போட்டு மறுநாள் சாயங்காலம் உங்கள் சமையலறையில் எடுத்துவிடும். அவரைக் கோபிக்காதீர்கள். மறுபடி ஆப் போடுவதாக இருந்தால் மகளுக்குத் தனிக் கணக்கு, பட்டியல் முடிந்ததும் தானாக அடுத்த பாட்டு ஓடும் 'ஆட்டோபிளே' நிறுத்தம், இரண்டையும் செய்யுங்கள். வடிகட்டியை விட இதற்குத்தான் பலன் அதிகம்.

சாதிப் பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அசிங்கமான பாட்டு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போகலாம், பிடித்தவர் கேட்கட்டும் என்று வாதாட இடமிருக்கிறது, நானே வாதாடுவேன். ஒரு சாதியைப் பெயர் சொல்லி இழிவுபடுத்தும் பாட்டு அந்த வகையில் சேராது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் சாதி வன்முறையில் வீடுகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது. இங்கே இருந்துகொண்டு "பாட்டுதானே, விடுங்கள்" என்று நான் சொல்லமாட்டேன்.

ஆப்பில் 'ரிப்போர்ட்' பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஆதாரம் எடுங்கள், ஏனென்றால் பாட்டு நீங்கிவிட்டால் ஆதாரமும் போய்விடும். பாட்டின் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், 'ஷேர்' கொடுத்தால் வரும் லிங்க், அந்த வரி எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது நொடியில் வருகிறது என்ற குறிப்பு. "பாட்டு முழுக்க மோசம்" என்று எழுதினால் மெயிலைப் படிக்கிற ஆளுக்குத் தமிழே தெரியாமல் இருக்கலாம். "ஒரு நிமிடம் 42வது நொடியில் வரும் இந்தச் சொல் இன்ன சாதியைக் குறிக்கும் வசைச் சொல்" என்று எழுதினால் தட்டிக்கழிக்க முடியாது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாட்டு விவரத்தில் 'கிரெடிட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் பாட்டை வெளியிட்ட கம்பெனி பெயர் கிடைக்கும். இப்போது யார் வேண்டுமானாலும் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பாடி, விநியோகஸ்தர் ஒருவருக்குக் கொஞ்சம் பணம் கட்டினால், சில நாளில் எல்லா ஆப்பிலும் ஏறிவிடும். ஒரு ஆப்பில் நீக்கினால் மற்ற ஆப்புகளில் ஓடிக்கொண்டிருக்கும். வெளியிட்டவரோ விநியோகஸ்தரோ எடுத்தால்தான் எல்லா இடத்திலும் போகும். புகாரின் நகலை அவர்களுக்கும் அனுப்புங்கள்.

மக்கள் தாங்களே ஏற்றும் தளங்களுக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும். 24 மணி நேரத்துக்குள் அவர்கள் ஒப்புகை தரவேண்டும். முடிவு திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம். காசு செலவில்லை. பாட்டு பட்டியல் சாதி அல்லது பழங்குடி மக்களை இழிவுபடுத்தினாலோ, சாதிகளுக்குள் பகையைத் தூண்டினாலோ, அது கம்பெனியோடு முடிகிற பேச்சில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 196வது பிரிவும் இருக்கின்றன. அதே ஆதாரங்களோடு காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். உள்ளூர் நிலையத்தில் தயக்கமாக இருந்தால் எஸ்.பி. அலுவலகத்துக்கோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ கொடுக்கலாம். வாட்ஸ்ஆப் குரூப்பில் "இந்த அநியாயத்தைப் பாருங்கள்" என்று அந்தப் பாட்டைப் போடாதீர்கள். நீங்களே அதைப் பரப்பியதாகிவிடும்.

கடைசியாக, மாமியாரின் பாட்டு. நீங்கள் கட்டும் 99 ரூபாய் வாடகை. பாட்டு யாருக்குச் சொந்தமோ அந்த இசைக் கம்பெனியும் ஆப்பும் செய்துகொண்ட ஒப்பந்தம் முடிந்தால் பாட்டு மங்கிவிடும். 2019ல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்த புதிதில் சரிகம கம்பெனியோடு உடன்பாடு ஏற்படாமல் வழக்கு டில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தக் கம்பெனி கையில் இருக்கும் பழைய எச்எம்வி பாட்டுகள் அந்த ஆப்பில் கிடைக்க மறு வருடம் ஆனது. இதற்குக் காசு திரும்பக் கேட்க வழியில்லை, நிபந்தனையில் எழுதியே வைத்திருப்பார்கள். வேறொரு ஆப்பில் அநேகமாக அந்தப் பாட்டு இருக்கும். தேடும்போது படத்தின் பெயரைப் போடாதீர்கள், தமிழ்ப் படப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மைக் படத்தைத் தொட்டு, மாமியாரையே முதல் வரியைப் பாடச் சொல்லுங்கள்.