வாசகர் கேள்வி: கோடி காட்டுறதுக்கு என்ன பேரு?

கேள்வி: கதைல பின்னாடி நடக்கப்போறத முன்னாடியே லேசா கோடி காட்டுவாங்களே, அதுக்குன்னு நம்ம இலக்கியத்துல தனியா சொல் உண்டா சார்? பழைய நூல்ல உதாரணம் இருந்தா சொல்லுங்க.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்களே கோடி காட்டுறதுன்னு எழுதிட்டீங்க, பேச்சுக்கு அது போதும்மா. கட்டுரைல முன்னுணர்த்தல்னு எழுதுறாங்க. பழைய ஆளுங்க நிமித்தம்னாங்க, அதுலயே நல்லது நன்னிமித்தம், கெட்டது துன்னிமித்தம்.

உதாரணத்துக்கு சிலப்பதிகாரம் ஒண்ணு போதும், இளங்கோ இதுல பெரிய கில்லாடி. இந்திர விழா நடக்குது, ஊரே கொண்டாட்டத்துல இருக்கு, அந்த நேரத்துல கண்ணகிக்கு இடது கண்ணு துடிக்குது, மாதவிக்கு வலது கண்ணு துடிக்குது. பொண்ணுங்களுக்கு இடது துடிச்சா நல்லது, வலதுன்னா கெடுதல். சொன்ன மாதிரியே கோவலன் மாதவிய விட்டுட்டு கண்ணகிகிட்ட திரும்பி வந்துடுறான், ஆனா வந்ததுனாலதான் மதுரைக்குக் கிளம்புறாங்க, அங்க அவன் உயிரே போகுது, இப்ப அந்த நல்ல நிமித்தத்த என்னன்னு சொல்றது!

அப்புறம் மதுரை மதில் மேல பறக்குற கொடி, "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட"ன்னு வரும். காத்துல ஆடுற கொடி வராதே வராதேன்னு கைய ஆட்டுதாம். ஸ்கூல்ல தற்குறிப்பேற்ற அணின்னு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணவச்சு அந்த பயத்தையே கொன்னுட்டாங்க.

ஆனா எனக்கு இதையெல்லாம் விட அந்த காளை மாடுதான். சிலம்ப விக்கக் கிளம்பின கோவலன் எதிர்ல திமில் வச்ச காளை ஒண்ணு பாய வருது, அது கெட்ட சகுனம்னு அவனுக்குத் தெரியல, ஏன்னா அவன் குலத்துல அந்த வழக்கம் கிடையாதுன்னு இளங்கோ நம்மகிட்ட மட்டும் சொல்லிட்டு அவன போகவிட்டுடுறாரு. கண்ணகி கண்ட கனவு கூட இவ்வளவு உறுத்தாது, கனவுன்னா யாருக்குமே உஷாராயிடும். ஆய்ச்சியர் சேரில பானைல பால் உறையல, காளை கண்ணுல தண்ணி வடியுது, கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரி "வருவது ஒன்று உண்டு"ன்னு புரிஞ்சுக்குறா, ஆனா என்ன வரப்போகுதுன்னு அவளுக்கும் தெரியாது.

கேள்வி: விரிச்சின்னு ஒரு சொல் படிச்சேன், அதுவும் இதுதானா?
- அதே வாசகி

பதில்: சொந்தக்காரங்கதான். நாமளா போய் நின்னு, யாரோ வேற எதுக்கோ பேசுற பேச்சக் காதுல வாங்கி, நம்ம காரியத்துக்குப் பலன் பாக்குறதுதான் விரிச்சி. முல்லைப்பாட்டுல வயசான பொம்பளைங்க நெல்லும் முல்லப்பூவும் தூவி கும்பிட்டுட்டு நிக்கிறாங்க, பக்கத்துல ஆயர் பொண்ணு ஒருத்தி தாயக் காணாம தவிக்கிற கன்னுகிட்ட "இன்னே வருகுவர் தாயர்"னு சமாதானம் சொல்றா, உடனே போருக்குப் போன தலைவனும் வந்துடுவான்னு இவங்க எடுத்துக்குறாங்க. வந்தும் சேர்ந்துடுறான். ஆநிரை கவரப் போற வீரனுங்களும் இப்படிக் கேட்டுட்டுதான் போவாங்க, தொல்காப்பியம் அத "பாக்கத்து விரிச்சி"ன்னு வெட்சித் திணைல ஒரு துறையாவே வச்சிருக்கு.