ஃப்ரீ லங்காவிக்கு ஈப்போ வரைக்கும் போலாமா?

கேள்வி: அண்ணே, நான் சுங்கை சிப்புட். என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட் மில்லுல வேலை, வர்ற டிசம்பரோட 55 ஆகுது, ஈபிஎஃப் (வேலைக்காரங்க சேமநிதி) காசு எடுக்கலாம். போன மாசம் ஈப்போவுல ஒரு ஷாப்பிங் மால்ல லக்கி டிரா ஃபாரம்னு ஏதோ எழுதிப் போட்டுட்டு வந்தாரு. இப்ப ஒரு பொண்ணு போன் பண்ணி, அங்கிள் உங்களுக்கு லங்காவில மூனு நாள் ரெண்டு ராத்திரி ஃப்ரீ, சனிக்கிழமை மத்தியானம் ஹோட்டலுக்கு வந்து வவுச்சர் வாங்கிக்குங்க, ஒன்றரை மணி நேரம் பிரீஃபிங் கேட்டா போதும்னு சொல்லுது. ஆனா ஆண்ட்டியும் கட்டாயம் வரணுமாம், ரெண்டு பேர் ஐசியும் (அடையாள அட்டை) கிரெடிட் கார்டும் கொண்டு வரணுமாம். காசு ஒன்னும் கேக்கலையே, போய்ப் பார்த்துட்டு வருவோம்ங்கறாரு இவரு. எனக்கு மனசு ஒப்பல. இது ஸ்கேமா? போனா எப்படி நடந்துக்கறது?

பதில்: ஃப்ரீயா குடுக்கற சாமானுக்கு கிரெடிட் கார்டு எதுக்கும்மா? இதை அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுப் பாருங்க, என்ன பதில் வருதுன்னு.

இது டைம்ஷேர், அதாவது ரிசார்ட்டுல வருஷா வருஷம் சில நாள் தங்கற உரிமையை விக்கிற கூட்டம். ஸ்கேம்னு ஒரே அடியா சொல்ல மாட்டேன், ஏன்னா டைம்ஷேர் நம்ம மலேசியாவுல சட்டப்படி நடக்கற யாவாரம்தான், 2016 இன்டரஸ்ட் ஸ்கீம்ஸ் சட்டத்துக்குக் கீழ வருது, ஸ்கீமை எஸ்எஸ்எம்ல (கம்பெனிகளைப் பதிவு பண்ற ஆணையம்) பதிவு பண்ணணும், புரோஸ்பெக்டஸ் (ஸ்கீம் விவர அறிக்கை) இருக்கணும், வாங்கினவங்க சார்பா பார்த்துக்கற டிரஸ்டி இருக்கணும். பதிவு பண்ணாம விக்கிறவங்கன்னா பேச்சே வேணாம், எழுந்து வந்துருங்க. ஆனா பதிவு பண்ண ஸ்கீம் எல்லாம் நமக்கு லாபமான ஸ்கீம்னு நெனச்சிராதீங்க. ரோட் டாக்ஸ் ஒட்டியிருக்குன்னா காடியோட இன்ஜின் நல்லாருக்குன்னா அர்த்தம்?

அவங்க விக்கறது வீடும் இல்ல, ரூமும் இல்ல. வருஷத்துக்கு இத்தனை ராத்திரி அவங்க ரிசார்ட்டுல தங்கற உரிமை, இருபது முப்பது வருஷத்துக்கு. இப்ப நெறைய பேர் பாயிண்ட் கணக்குல குடுக்கறாங்க, பாயிண்ட்டை வச்சு ஆர்சிஐ மாதிரி எக்ஸ்சேஞ்ச் (ரிசார்ட் மாத்திக் குடுக்கற கம்பெனி) மூலமா வெளிநாட்டுல கூட தங்கலாம்பாங்க, அது பொய் இல்ல, ஆனா எக்ஸ்சேஞ்சுக்குத் தனி ஃபீஸ், ஃப்ளைட்டு உங்க காசு.

நானும் வீட்டுக்காரியும் ஒரு தடவை மாட்டியிருக்கோம், கம்பெனி பேரு வேணாம். ஒரு ரைஸ் குக்கருக்கு ஆசப்பட்டுப் போனோம். உள்ள ரவுண்டு மேசை, பாட்டு சத்தம் காதைக் கிழிக்குது, பக்கத்து மேசையில என்ன பேசறாங்கன்னு நமக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் அந்தச் சத்தம்னு பிறகுதான் வெளங்குச்சு. ஒரு தமிழ்ப் பையன் வந்து உக்காந்தான், எந்தத் தோட்டம்ணே உங்களுக்கு, எங்க தாத்தாவும் அந்தப் பக்கம் மரம் சீவுனவருதான்னு ஆரம்பிச்சான். முக்கா மணி நேரம் சாமானைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வருஷத்துக்கு லீவுல எவ்ளோ செலவு பண்றீங்கன்னு கேட்டான், நான் பெருமைக்கு 1,500 வெள்ளி (ரிங்கிட்)ன்னு சொல்லிட்டேன் (உண்மையில அதுல பாதி கூட இருக்காது, தைப்பூசத்துக்கு பினாங்கு போறதைத் தவிர நாங்க எங்க போறோம்). உடனே ஒரு பேப்பர்ல 1,500ஐ 25ஆல பெருக்கி 37,500னு பெருசா எழுதி வட்டம் போட்டுட்டான், அண்ணே இவ்ளோ காசை ஹோட்டல்காரனுக்கு தானம் பண்ணப் போறீங்களான்னு கேட்டான். நாமே சொன்ன பொய்யை வச்சே நம்மள அடிக்கிறாங்க.

விலை 32,000ல ஆரம்பிச்சது. முடியாதுன்னோம். மேனேஜர் வந்தாரு, 24,000 ஆச்சு. அதுக்கும் தலையாட்டலன்னதும் இன்னொருத்தர் வந்து, இன்னிக்கு மட்டும் ஒரு சின்ன பேக்கேஜ் 9,000ன்னாரு. நடுநடுவுல யாரோ கையெழுத்துப் போட்டாங்கன்னு மைக்குல சொல்லி எல்லாரும் கை தட்டறாங்க. பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) மாம்பழக்காரன் கூட கடை கட்டறப்பதான் இப்படி எறக்குவான். என் வீட்டுக்காரிதான் கெட்டிக்காரி, பேப்பரைக் குடுங்க, என் தங்கச்சி பேங்க்ல இருக்கா, அவகிட்ட காட்டிட்டு திங்கக்கிழமை சொல்றேன்னா. பேப்பரை வெளிய குடுக்க முடியாதாம். அவ்ளோதான், பையை எடுத்துட்டு எழுந்துட்டா. ஒன்றரை மணி நேரம்னு போனது நாலு மணி நேரம் ஆச்சு. குக்கர் இன்னும் இருக்கு, மூடிதான் சரியா உக்காராது.

ரெண்டு பேரையும் எதுக்குக் கூப்பிடறாங்கன்னு கேட்டீங்கன்னா, வீட்டுல கேட்டுச் சொல்றேன்னு ஒரு சாக்கு இருக்கு பாருங்க, அதை வாசல்லயே புடுங்கிக்கத்தான்.

இப்ப கணக்கைப் பாருங்க, அவங்க போட மாட்டாங்க. 18,000 வெள்ளிக்கு வாங்கறீங்கன்னு வச்சுக்குவோம். வருஷா வருஷம் மெயின்டெனன்ஸ் ஃபீஸ் உண்டு, 600னு வச்சா 25 வருஷத்துக்கு 15,000. ஆக 33,000. வருஷத்துக்கு ஆறு ராத்திரின்னா மொத்தம் 150 ராத்திரி, ஒரு ராத்திரி 220 வெள்ளி. அதுவும் ஒரு ராத்திரி விடாம போனாத்தான். பாதிதான் போக முடிஞ்சுதுன்னா 440. கேமரன்ல, போர்ட்டிக்சன்ல என்ன விலைக்கு ரூம் கிடைக்குதுன்னு உங்க பிள்ளைங்கள போன்ல பார்க்கச் சொல்லுங்க. அந்த 600ம் அப்படியே நிக்காது, ஏத்துவாங்க, நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தாலும் போகாத வருஷத்துக்கும் பில் வரும். கிரெடிட் கார்டுல போட்டு கட்ட முடியாம விட்டா வட்டி வருஷத்துக்கு 18 சதவீதம் வரைக்கும் போகும். உங்க வீட்டுக்காரருக்கு 55, 25 வருஷம் கழிச்சு 80. அந்த வயசுல கேமரன் மலை ஏறுவாராம்மா?

நான் சொல்றது போகாதீங்க. அந்த லங்காவி வவுச்சரும் ரூமுக்கு மட்டும்தான் இருக்கும், ஃபெர்ரி ஏறற கோலா பெர்லிஸ் வரைக்கும் காடி எண்ணெய், ஃபெர்ரி, சாப்பாடு எல்லாம் நீங்கதான், சனி ஞாயிறு ஸ்கூல் லீவு செல்லாதுன்னு பின்னாடி பொடி எழுத்துல இருக்கான்னு பாருங்க.

போயே ஆகணும்னு அண்ணன் அடம் புடிச்சா, எல்லா கார்டையும் வீட்டு அலமாரியில வச்சுப் பூட்டிட்டு ஐசி மட்டும் எடுத்துட்டுப் போங்க. மத்தியானம் வயிறு நெறைய சாப்பிட்டுப் போங்க, பசியில மனுஷன் எதுக்கும் தலையாட்டுவான். ஈபிஎஃப் காசு வரப்போற கதையை வாயே தொறக்கக் கூடாது, அண்ணன்கிட்ட இதை ரெண்டு தடவை சொல்லுங்க. வாசல்லயே இத்தனை மணிக்குக் கிளம்பிருவோம்னு சொல்லிருங்க, அந்த மணி ஆனதும் எழுந்துருங்க, மரியாதை பார்த்து உக்காந்துதான் நம்மாளுங்க மாட்டறதே. கேக்கணும்னா மெயின்டெனன்ஸ் ஃபீஸ் போன அஞ்சு வருஷத்துல எவ்ளோ ஏறுச்சு, தீபாவளி லீவுக்கு எத்தனை மாசம் முன்னாடி புக் பண்ணணும், வேணாம்னா எப்படி வெளிய வர்றது, நாங்க செத்துட்டா ஃபீஸ் பிள்ளைங்க தலையில விழுமான்னு கேளுங்க. வாயால சொன்னா போதாது, அக்ரிமெண்டுல எங்க எழுதியிருக்குன்னு விரல் வச்சுக் காட்டச் சொல்லுங்க.

கேள்வி: அண்ணே, நான் போன ஞாயித்துக்கிழமையே ஒரு டைம்ஷேருக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன், டெபாசிட் 3,000 கார்டுல இழுத்துட்டாங்க. போன் பண்ணி வேணாம்னா, மேனேஜர் லீவு, அடுத்த வாரம் பேசலாம்ங்கறாங்க.

பதில்: அடுத்த வாரம் வரைக்கும் இழுக்கறதே அதுக்குத்தான் தம்பி. அக்ரிமெண்டை எடுத்து கூலிங் ஆஃப் (மனசு மாறி ரத்து பண்ண விடற நாள்) எத்தனை நாள்னு இப்பவே தேடுங்க, அதுக்குள்ள எழுத்துல கேன்சல் பண்ணணும், போன்ல சொன்னது கணக்குல வராது. லெட்டர் எழுதி பேரு, ஐசி நம்பர், அக்ரிமெண்ட் நம்பர் போட்டு, ரத்து பண்றேன் காசைத் திருப்பிக் குடுங்கன்னு ரெண்டே வரி, காரணம் எல்லாம் வேணாம், காரணம் சொன்னா அதுக்கு ஒரு பதில் வச்சிருப்பாங்க. பதிவுத் தபால்ல ஒன்னு, இமெயில்ல ஒன்னு, முடிஞ்சா ஆபீசுக்கே போய்க் குடுத்து உங்க காப்பியில சாப் (முத்திரை) வாங்கிக்குங்க. பேங்குக்கும் போன் பண்ணி கார்டு சமாச்சாரத்தைச் சொல்லுங்க.

காசு வரலன்னா பயனீட்டாளர் நீதிமன்றம், டிரிபுனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா. 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், கட்டற காசு அஞ்சு வெள்ளி, வக்கீல் கிடையாது. சம்பவம் நடந்து மூனு வருஷத்துக்குள்ள போடணும், ரசீது, லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வச்சிருங்க. ஃபாரம் நிரப்பத் தெரியலன்னா பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துல கேளுங்க, 1969லேருந்து இந்த மாதிரி பஞ்சாயத்துதான் அவங்களுக்கு வேலையே.

கேள்வி: அப்பா பேர்ல ஒரு பழைய டைம்ஷேர் மெம்பர்ஷிப் இருக்கு. அதை 40,000 வெள்ளிக்கு வாங்க ஆள் இருக்கு, புரோசசிங் ஃபீஸ் 2,800 முதல்ல கட்டுங்கன்னு ஒருத்தன் போன் பண்றான்.

பதில்: கட்டாதீங்க. அந்த 2,800ஐ 40,000ல கழிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பச் சொல்லுங்க, அப்புறம் அவன் போனே வராது.